வேலூர் மலைகள் எரிமலைகளா? ஆழத்தில் உறைந்த பாறை வெளியே வந்த கதை

கார்த்திகை தீபம் நெருங்கினால் ஒரு வாட்ஸ்அப் செய்தி தவறாமல் வந்துவிடுகிறது: திருவண்ணாமலை பல கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலையாக இருந்து குளிர்ந்தது என்று. இப்போது அதே கதையை வேலூர், காட்பாடி, ஆம்பூர் பக்கத்து மொட்டை மலைகளுக்கும் சிலர் ஒட்டவைக்கிறார்கள். வெயிலும் அப்படி, பாறையும் கறுப்பு, ஆகவே எரிமலைதான் என்பது வாதம். அண்ணாமலையை நெருப்பு வடிவம் என்று தலபுராணம் சொல்வது பக்தியின் வழக்கு. அதோடு எனக்குத் தகராறு கிடையாது. அதன்மேல் அறிவியல் முத்திரை குத்தும்போதுதான் சிக்கல். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், அதாவது 1989இல் திருவண்ணாமலை பிரிந்துபோய், 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துபோன இந்த நிலப்பரப்பில், நாம் பார்க்கும் மலைகள் எரிமலை கக்கிய குழம்பு குவிந்து எழுந்தவை அல்ல. அவற்றின் பாறை நிலத்துக்குக் கீழே பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது. மேலே இருந்ததெல்லாம் கரைந்து போனதால் அது இன்று வெளியே நிற்கிறது. உண்மைக் கதை எரிமலைக் கதையைவிடப் பெரியது.

குழப்பத்துக்குப் பள்ளிக்கூடப் பாடமும் ஒரு காரணம். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று கட்டம் போட்டு, தீப்பாறைக் கட்டத்தில் புகை கக்கும் ஒரு எரிமலைப் படத்தை வரைந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் மனத்தில் பதிவது அந்தப் படம்தான். பூமிக்குள் உண்டாகும் பாறைக்குழம்பில் மிகப் பெரும் பகுதி வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. ஏறும் வழியிலேயே நின்று, ஆழத்திலேயே இறுகிவிடுகிறது. எரிமலையாக வெடிப்பது அதில் தப்பி வந்த சிறு பங்கு. புவிமேலோட்டின் மேல் 16 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டால், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தீப்பாறை, அல்லது தீப்பாறையாகப் பிறந்து பின்னர் உருமாறிய பாறை. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் நாம் அடிக்கடி பார்ப்பவைதான். ஆனால் அவை மேலே போர்த்திய மெல்லிய போர்வை.

இன்னொரு பரவலான நம்பிக்கையையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். நம் காலுக்குக் கீழே சில கிலோமீட்டர் போனால் கொதிக்கும் குழம்புக் கடல் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் கவசம் திடப் பாறை. பல லட்சம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது மெல்ல நகரும், நெளியும். ஆனால் உருகிக் கிடப்பதில்லை.

இதற்கு வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சாட்சி ஒன்று உண்டு: கோலார் தங்க வயல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மாவட்டத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் அங்கே வேலைக்குப் போயின. 2001இல் மூடப்படும் முன் அந்தச் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியிருந்தது. அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. மேலே சராசரி 27 டிகிரி என்று கொண்டால், ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுகிறது. தென்னிந்தியாவின் மேலோடு சுமார் 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன். அதே கணக்கில் அதன் அடிவாரம் வரை போனாலும் 500 டிகிரியை ஒட்டித்தான் வரும். கிரானைட் உருகுவதற்கு, தண்ணீர் கலந்திருந்தால்கூட, ஏறத்தாழ 650 டிகிரி வேண்டும். ஆகவே இன்று வேலூருக்குக் கீழே மேலோட்டில் எதுவும் உருகிக்கொண்டிருக்கவில்லை. மே மாத வெயிலுக்கும் நிலத்தடி நெருப்புக்கும் தொடர்பே இல்லை.

அப்படியானால் பாறை எப்போதுதான் உருகுகிறது? சூடாக்கினால் உருகும் என்பது ஒரு வழிதான், அதுவும் முக்கிய வழி அல்ல. சூடாக இருந்தும் கவசப் பாறை உருகாமல் இருப்பதற்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். அந்தப் பாரம் குறைந்தால், வெப்பம் கூடாமலே பாறையில் ஒரு பகுதி உருகத் தொடங்கும். நடுக்கடலில், பூமியின் மேற்பரப்பு பிளவுபட்டிருக்கும் பெரும் துண்டுகளான தட்டுகள் விலகும் இடங்களில் நடப்பது இது. கீழிருந்து கவசப் பாறை மேலே வரவர அழுத்தம் குறைந்து, பசால்ட் என்ற கறுத்த பாறைக்கான குழம்பு கசிகிறது. அது இறுகிக் கடற்படுகை ஆகிறது. மூன்றாவது வழி தண்ணீர். கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே அமிழும்போது, தன் கனிமங்களுக்குள் பூட்டி வைத்திருந்த தண்ணீரை மேலே உள்ள சூடான பாறைக்குள் விட்டுவிடுகிறது. தண்ணீர் கலந்தால் பாறையின் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடும். ஜப்பான், இந்தோனேசியா, ஆண்டிஸ் மலைத்தொடர் ஆகியவற்றின் எரிமலைகள் இப்படிப் பிறந்தவை. நெருப்பை உண்டாக்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

பாறை உருகும்போது முழுவதுமாக உருகுவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்டங்கள் உண்டானதன் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ஒரு பாறையில் பல கனிமங்கள் உண்டு. குறைந்த வெப்பத்தில் உருகக்கூடியவை முதலில் உருகி வெளியேறும். மற்றவை அப்படியே தங்கிவிடும். வெளியேறும் குழம்பில் சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) அதிகம், இரும்பும் மெக்னீசியமும் குறைவு. அது தாய்ப்பாறையைவிட இலேசானது. கவசப் பாறை கொஞ்சம் உருகினால் சுமார் 50 சதவீதம் சிலிக்கா உள்ள பசால்ட் கிடைக்கும். அந்தப் பசால்ட்டையே தண்ணீரோடு மறுபடி ஆழத்தில் அழுத்தி ஓரளவு உருக்கினால், இன்னும் சிலிக்கா கூடிய, கிரானைட்டுக்கு நெருங்கிய குழம்பு வரும். கிரானைட்டில் சிலிக்கா 70 சதவீதத்தை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு உருகலும் ஒரு வடிகட்டல்.

இறுகும்போது இதே காரியம் தலைகீழாக நடக்கிறது. குழம்பு குளிரும்போது எல்லாக் கனிமமும் ஒரே நேரத்தில் படிகமாவதில்லை. இரும்பும் மெக்னீசியமும் நிறைந்த ஆலிவின், பைராக்சீன் போன்ற கறுப்புக் கனிமங்கள் அதிக வெப்பத்திலேயே உருவாகி அடியில் தங்கும். குவார்ட்ஸ் கடைசியில்தான் வரும். நார்மன் போவன் என்ற கனடிய ஆய்வாளர் சோதனைக்கூடத்தில் சிறு சிறு குப்பிகளில் பாறையை உருக்கி உறையவைத்து, இந்த வரிசையை 1920களில் நிறுவினார். ஒரே குழம்பிலிருந்து முதலில் கறுப்புப் பாறையும் பின்னர் வெளிர் பாறையும் பிறக்க முடியும் என்பதை அவருடைய வேலை காட்டியது.

இதைப் படத்தில் பார்ப்பதைவிட வேலூர் கோட்டையில் பார்க்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட தலைவர்கள் எழுப்பிய அந்தச் சுவர்களுக்கு முன் நிற்பவர்கள் பொதுவாக 1806 சிப்பாய்ப் புரட்சியை நினைக்கிறார்கள். கல்லை யாரும் கிட்டே போய்ப் பார்ப்பதில்லை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒரு கல்லை ஒரு சாண் தொலைவில் வைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு போல் சாம்பல் நிறத்தில் மினுங்குவது குவார்ட்ஸ். வயல் வரப்பில் கிடக்கும் வெங்கச்சாங்கல்லும் அதே பொருள்தான். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ஸ்பார். கறுத்த தகடாகப் பளபளப்பது காக்காப்பொன். இந்தத் துகள்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே ஒரு சான்று. படிகம் வளர நேரம் வேண்டும். நேரம் வேண்டுமானால் மெல்லக் குளிர வேண்டும். மெல்லக் குளிர வேண்டுமானால் மேலே பல கிலோமீட்டர் தடிமனுக்கு மூடி இருக்க வேண்டும். எரிமலை வாயிலிருந்து வழிந்த லாவாவாக இருந்தால் சில நாட்களில், சில மாதங்களில் இறுகிவிட்டிருக்கும். துகள் கண்ணுக்கே தெரியாது.

சொல்லப்போனால் இது ஒரு காலத்தில் கடும் சண்டைக்குரிய விஷயம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் புவியியலாளர் வெர்னர், கிரானைட் உட்பட எல்லாப் பாறையும் ஆதிக்கடலிலிருந்து படிந்தவை என்று கற்பித்தார். ஐரோப்பா முழுவதும் அவருக்குச் சீடர்கள். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கில், பழைய பாறையைக் கிழித்துக்கொண்டு கிரானைட் நரம்புகள் ஊடுருவியிருப்பதைக் கண்டார். உருகிய நிலையில் இருந்தால்தான் அப்படிப் புக முடியும். எதிராளிகள் விடவில்லை: உருகி ஆறினால் கண்ணாடியாகத்தானே ஆகும், படிகம் எப்படி வரும் என்று கேட்டார்கள். ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால், உலையில் பாறையை உருக்கி, வேகமாகக் குளிரவைத்தபோது கண்ணாடியும், மெல்லக் குளிரவைத்தபோது படிகக் கல்லும் வருவதை 1798இல் காட்டினார். கேள்வி அதோடு தீர்ந்தது என்று சொல்ல முடியாது. கிரானைட் எப்படிப் பிறக்கிறது என்ற வாக்குவாதம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீண்டது.

இனி மேலோடு கட்டப்பட்ட கதை. கடலுக்கு அடியில் உள்ள மேலோடு சுமார் 7 கிலோமீட்டர் தடிமன், பெரும்பாலும் பசால்ட். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம். கண்டங்களின் மேலோடு ஐந்தாறு மடங்கு தடிமன், சராசரி அடர்த்தி சுமார் 2.7 கிராம். பார்ப்பதற்குச் சிறிய வித்தியாசம். ஆனால் இந்தப் பூமியில் எது கடல், எது தரை என்பதைத் தீர்மானிப்பது அதுதான். கனமான கடல்மேலோடு வயதாகிக் குளிர்ந்ததும் கவசத்துக்குள் அமிழ்ந்துபோகிறது. அதனால்தான் இன்றைய பெருங்கடல்களின் அடியில் 20 கோடி ஆண்டுகளைவிடப் பழைய தரை ஏறக்குறைய இல்லை. கிரானைட் வகை மேலோடு இலேசு. அதை அமிழ்த்த முடியாது. ஒருமுறை உண்டாகிவிட்டால் மோதும், நசுங்கும், தேயும், பிளக்கும். அமிழ்ந்து மறைவது மட்டும் அரிது. கண்டங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்த மிச்சங்கள்.

வட ஆர்க்காட்டின் அடித்தளப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. அன்றைய பூமி இன்றைவிடச் சூடானது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம் தரும் வெப்பம் அப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசால்ட் தளங்கள் ஆழத்தில் எளிதாக உருகி, சோடியம் மிகுந்த கிரானைட் வகைக் குழம்பை ஏராளமாக விட்டன. மேலும் மேலும் குழம்பு புகுந்து, பழையது மறுபடி உருகி, நசுங்கி, வரிவரியாக நெளிந்தது. சாம்பலும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நைஸ் பாறை அதன் பதிவு. பெங்களூரு லால்பாக் தோட்டத்து மொட்டைப் பாறை இந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர், சுமார் 300 கோடி ஆண்டு வயது.

இந்த வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுவது நியாயம். கிரானைட் குழம்பு இறுகும்போது ஜிர்கான் என்ற மிகச்சிறிய படிகங்கள் உண்டாகின்றன. அவை வளரும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்றுக்கொள்ளும், ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளாது. யுரேனியம்-238 பாதியாகக் குறைந்து ஈயமாக மாற சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே படிகத்துக்குள் இன்று எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால் அது எப்போது பிறந்தது என்பது தெரிந்துவிடும். ஜிர்கான் லேசில் அழியாது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்சில் கிடைத்த ஒரு படிகத்தின் வயது சுமார் 440 கோடி ஆண்டு. அது பிறந்த பாறை எப்போதோ தேய்ந்து போய்விட்டது.

நம் ஊர்ப்பக்கம் கதை இன்னொரு படி கீழே இறங்குகிறது. இங்கே கிரானைட்டும் நைசும் மட்டும் இல்லை; சார்னோகைட்டும் பரவிக் கிடக்கிறது. புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியது போல் கரும்பச்சையாக இருக்கும். குவாரிகளில் நீலக்கல், கருங்கல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சென்னைப் பரங்கிமலைக் கல்லை ஆராய்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இதைத் தனிப் பாறையாக வகுத்தவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தா நகரத்தைத் தொடங்கியவராகக் கருதப்பட்ட ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால் அந்தப் பெயரை வைத்தார். நேராகக் குழம்பிலிருந்து இறுகிய தீப்பாறை என்பது அவர் கருத்து. பிறகு வந்தவர்களில் பலர், ஏற்கெனவே இருந்த நைஸ் பாறை கடும் வெப்பத்தில் உலர்ந்து மாறியது என்றார்கள். கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல் நிற நைஸ் பாறைக்கு நடுவில் சார்னோகைட் திட்டுத்திட்டாக முளைத்திருப்பதைப் பார்த்தால் இரண்டாவது தரப்பு சொல்வது புரியும். என் கணிப்பில் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒரே பெயர் இரண்டு பிறப்புகளை மூடிக்கொண்டிருக்கிறது.

எந்த வழியில் பிறந்திருந்தாலும், அது தண்ணீர் மிகக் குறைவான, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், மேலோட்டின் நடுப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் உருவாகும் பாறை. இதை வைத்து ஓர் அருமையான பயணம் போகலாம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி போகும் நெடுஞ்சாலையில் தெற்கே வரவர, அக்கம்பக்கத்துப் பாறைகள் பழைய மேலோட்டின் மேலும் மேலும் ஆழமான அடுக்குகளைச் சேர்ந்தவையாக மாறுகின்றன. பாறைக் கனிமங்களில் பதிவான அழுத்தத்தை அளந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வடக்கே கிரானைட்டும் நைசும், கிருஷ்ணகிரியைத் தாண்டினால் சார்னோகைட் தலைகாட்டும், அதற்குத் தெற்கே அதுவே ஆட்சி. பஸ் போவது மேடுபள்ளமான சாலையில்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மேலோட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறோம். தென்னிந்தியத் தட்டு முழுவதும் சாய்வாகத் தூக்கப்பட்டு, அதன் மேல் பகுதி அரிந்துபோனதால் இப்படி. வேலூர், ஜவ்வாது மலைப் பகுதி இந்த மாற்றம் நடக்கும் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. அதனால்தான் ஒரு குன்றில் நைஸ், அடுத்த குன்றில் சார்னோகைட் என்று கலந்து வருகிறது.

பதினைந்து, இருபது கிலோமீட்டர் பாறை அரிந்துபோனது என்றால் நம்ப முடிகிறதா? முதலில் எனக்கும் வாய்க்கு வந்த கேள்வி, அவ்வளவும் எங்கே போனது என்பதுதான். மழையும் ஆறும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அரித்தால்கூட, நூறு கோடி ஆண்டில் பத்துக் கிலோமீட்டர் போய்விடும். மேலே அரிக்க அரிக்கக் கீழிருந்து மேலோடு உயர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரிசலில் இருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினால் பரிசல் மேலே மிதந்து வருவது போல, பாரம் குறைந்த மேலோடு கவசத்தின்மேல் உயர்கிறது. அரிப்பும் உயர்வும் மாறி மாறி நடந்து, ஆழத்துப் பாறை வெயிலுக்கு வந்துவிடுகிறது. இத்தனை போன பிறகும் நம் காலடியில் 35 கிலோமீட்டருக்குக் குறையாத மேலோடு மிச்சம் இருக்கிறது என்பதுதான் யோசிக்கவைக்கிறது. அப்படியானால் அன்று இங்கே இருந்தது இன்றைய திபெத்தைப் போலத் தடித்த மேலோடாக இருந்திருக்க வேண்டும்; அல்லது பின்னால் கீழிருந்து புதிய குழம்பு வந்து அடியில் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டுமே நடந்திருக்கலாம்.

அரிந்துபோனதற்குக் கண்ணால் பார்க்கும் சாட்சி திருமலையில் இருக்கிறது. வேலூர்க்காரர்கள் சுவாமி தரிசனத்துக்குப் போகும் அதே மலைப்பாதையில், அடியில் பழைய கிரானைட்டும் அதன்மேல் கிடைமட்டமாக அடுக்கிய குவார்ட்சைட்டும் ஒன்றை ஒன்று தொடும் கோட்டைக் காணலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலே இருக்கும் குவார்ட்சைட் சுமார் 160 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் படிந்த மணல். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 50 கோடி ஆண்டு இடைவெளி. அந்த மணல் படிவதற்குள்ளேயே ஆழத்து கிரானைட் மேலே வந்து, வெயிலில் காய்ந்து, அரிந்து தட்டையாகிவிட்டிருந்தது என்று இதற்கு அர்த்தம். மணல் எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட கிரானைட் நிலங்கள் உடைந்துதான். தரிசனக் கூட்டத்தின் அவசரத்தில் அந்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் முறைப்பார். ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேலோடு உறைந்து கெட்டியான பிறகும் கீழிருந்து குழம்பு வருவது நிற்கவில்லை. நிலம் இழுபட்டு நீளவாக்கில் விரிசல் விட்டபோதெல்லாம் பசால்ட் குழம்பு அந்த விரிசல்களில் ஏறி, சுவர் போல் உறைந்தது. இதுதான் டோலரைட் சுவர். வெளிர் பாறைக்குள் நேர்கோட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கறுப்புப் பட்டையாக, சில இடங்களில் வரிசையான கறுப்புக் குண்டுக் கற்களாக இது தெரியும். பெங்களூரு பக்கத்துச் சுவர்களில் ஒரு கூட்டம் சுமார் 237 கோடி ஆண்டு வயதுடையது. பிற கூட்டங்கள் அதற்குப் பிறகு வந்தவை. கடைகளில் பிளாக் கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் இந்த டோலரைட். அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. சமையல் மேடையாகப் போடுபவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பாலிஷ் நின்றால் சரி. அவர்கள் கட்சியும் நியாயம்தான். துகள் நுண்மையாக, விரிசல் இல்லாமல் இருப்பதால் இது கல்லறைக் கல்லாக வெளிநாடுகளுக்கும் போகிறது.

எரிமலையைத் தேடுபவர்களுக்கு ஆறுதலாக ஒன்று உண்டு. சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் திருப்பத்தூர் பக்கத்தில் விசித்திரமான குழம்புகள் மேலோட்டைத் துளைத்து ஏறின. ஏலகிரி மலை அதில் ஒன்று. அது கிரானைட் அல்ல. குவார்ட்ஸ் இல்லாத அல்லது மிகக் குறைந்த, ஃபெல்ஸ்பார் நிறைந்த சயனைட் (syenite) என்ற பாறை. சற்றுத் தொலைவில் சேவாத்தூரில் இன்னும் அபூர்வமான கார்பனடைட். சுண்ணாம்புக்கல் போல் கார்பனேட்டால் ஆனது, ஆனால் கடலில் படிந்தது அல்ல. குழம்பாக ஏறி உறைந்தது. உலகில் இன்று இப்படிப்பட்ட குழம்பைக் கக்கும் எரிமலை தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் ஒன்றுதான். அதன் லாவா 500, 600 டிகிரியிலேயே தண்ணீராக ஓடும். சேவாத்தூரிலும் மேலே ஏதாவது எரிமலை இருந்திருக்கலாம்; இருந்திருந்தாலும் அது அரிந்து போய்விட்டது. நாம் பார்ப்பது அடியில் இருந்த குழாய்கள். அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனம் வெர்மிகுலைட் எடுக்கிறது. சூடாக்கினால் உள்ளே பூட்டிய நீர் ஆவியாகிப் புழுப் போல் நீண்டு உப்பும் இந்தக் கனிமத்தை இன்று மாடித்தோட்டக்காரர்கள் மண்ணில் கலக்கிறார்கள்.

உண்மையான லாவா நிலம் வேண்டுமென்றால் மகாராஷ்டிரம் போக வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த தக்காணப் பசால்ட் இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் அதைக் குடைந்தவை. நம் பக்கத்தில் குடைந்தது வேறு கல். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் காலத்தில் மகேந்திரவாடியில் தனியாகக் கிடந்த ஒற்றைக் குண்டுப் பாறையைக் குடைந்து விஷ்ணு கோயில் செய்தார்கள். கோட்டையும் மண்டபமும் கட்டுவதற்குக் கல் தேடுபவன் வெட்ட வசதியான விரிசலைப் பார்ப்பான். குடைகிறவன் விரிசலே இல்லாத கல்லைத் தேட வேண்டும். ஆழத்தில் உறைந்த பாறை, மேல் பாரம் போனதும் விரிந்து, செங்குத்தாகவும் கிடையாகவும் வெடிக்கிறது. அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றி, மூலைகளை உருட்டிவிடும். நடுவில் தப்பிப் பிழைத்ததுதான் குண்டு. காட்பாடி, குடியாத்தம் பக்கத்து மலைகளில் யாரோ அடுக்கி வைத்தது போல் நிற்கும் பாறைகள் எல்லாம் அப்படி நின்றவை.

வேலூரைப் பற்றிக் கேலியாக ஒரு பேச்சு உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில். நான்காவது 1981இல் சலகண்டேசுவரர் மறுபடி எழுந்தருளியதோடு காலாவதியாகிவிட்டது. முதல் இரண்டில் பாறைக்கும் பங்கு உண்டு. வெட்டியதும் மேய்த்ததும் மொட்டைக்குக் காரணம்தான். ஆனால் மண் உருவாகும் வேகத்தைவிட அது சரிவில் கழுவிப்போகும் வேகம் கூடினால், வெட்டிய மரம் மறுபடி வராது. கழுவிப்போனதில் களிமண் ஏரிகளுக்கும் கடலுக்கும் போகிறது. கரையாத குவார்ட்ஸ் பாலாற்றில் மணலாகத் தங்குகிறது. தங்கியது என்று சொல்வதே சரி. அதில் எவ்வளவு லாரியில் ஏறிப்போனது என்பது வேறு கட்டுரைக்கான விஷயம்.

ஆழத்துப் பாறையின் கடைசி விளைவு தண்ணீரில் தெரிகிறது. மணற்கல்லைப் போல் கிரானைட்டுக்குள் நீர் தேங்க இடம் கிடையாது. மேலே மக்கிய சில பத்து அடிகளிலும், அதற்குக் கீழே விரிசல்களிலும்தான் தண்ணீர். போர்வெல் விரிசலைத் தொட்டால் நீர். தொடாவிட்டால் 800 அடியிலும் புழுதி பறக்கும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் கொட்டுவதும் பக்கத்து வீட்டில் காய்வதும் இதனால்தான், ராசியால் அல்ல. கறுப்பு டோலரைட் சுவர் குறுக்கே ஓடும் இடங்களில் அது நிலத்தடியில் அணைபோல் நின்று நீரைத் தடுப்பதும் உண்டு. சுவரின் மேல்பக்கத்துக் கிணறு நிரம்பியிருக்க, கீழ்பக்கத்துக் கிணறு வறண்டிருக்கும். விரிசலில் நெடுங்காலம் நின்ற நீர் பாறையிலுள்ள காக்காப்பொன், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. வேலூர், திருப்பத்தூர் வட்டாரங்களில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் இது அளவுக்கு மேல் இருக்கிறது. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாக முதலில் தெரியும். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை. ருசியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. புது போர்வெல் போட்டவர்கள் மோட்டார் இறக்கிய கையோடு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வாரியச் சோதனைக்கூடத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.